நாளாந்த வேலைப்பட்டியல் ஒருநாளும் முடிவதில்லை: எங்கே பிழை விடுகிறேன்?

வெள்ளவத்தைவாசி
ஞாயிற்றுக்கிழமை, இரவு 9.50

வணக்கம். இரண்டு மாதமாகக் கேட்க நினைத்துப் பின்போட்டுக்கொண்டிருந்த கேள்வி இது. கொள்ளுப்பிட்டியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பகுதியில் உதவியாளராக இருக்கிறேன். வேலைநேரம் காலை 8.30 முதல் மாலை 5 மணி வரை. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். கணவர், இரண்டு பிள்ளைகள், அம்மா, நான் என வீட்டில் ஐந்து பேர். மகள் எட்டாம் தரத்தில் படிக்கிறாள். மகன் அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை எழுதவேண்டும். அம்மாவுக்கு நீரிழிவு இருப்பதால் மாதம் ஒரு தடவை அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்குக்கு அவரை அழைத்துச் செல்லவேண்டியிருக்கிறது.

காலையில் புகையிரத மேடையில் நிற்கும்போதே அன்றைய வேலைகளைக் கைபேசியில் எழுதத் தொடங்கிவிடுவேன். கொள்ளுப்பிட்டியில் இறங்குவதற்குள் பதினைந்து, பதினெட்டு வேலைகள் சேர்ந்துவிடும். மாலையில் திரும்பும்போது பார்த்தால் நான்கோ ஐந்தோதான் முடிந்திருக்கும். மீதியை அடுத்த நாளுக்கு மாற்றுவேன். அடுத்த நாளும் இதே கதைதான்.

கடந்த புதன்கிழமைப் பட்டியலை அப்படியே தருகிறேன். வங்கிக் கணக்கிணக்கக் கூற்று, சில்லறைக் காசேடு, கடன்பட்டோருக்கு நினைவூட்டல் கடிதங்கள், சேமலாப நிதி, பெறுமதி சேர் வரி ஆவணங்கள், முகாமையாளர் கேட்ட விற்பனை ஒப்பீடு, மகளின் பாடசாலைக் கட்டணம், மகனின் ரியூசன் ஆசிரியருக்குத் தொலைபேசி, அம்மாவின் கண் பரிசோதனை, மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம், எரிவாயு சிலிண்டர், கணவரின் சட்டைக்குப் பொத்தான், அக்காவின் மகளுக்குப் பிறந்தநாள் பரிசு, சமையலறைக் குழாய். இவற்றில் சில்லறைக் காசேடு, மின்கட்டணம், ரியூசன் ஆசிரியர், பொத்தான் ஆகிய நான்கும் முடிந்தன. குழாய் ஆறு வாரமாகப் பட்டியலில் இருக்கிறது. ஒழுகும் தண்ணீருக்காக அதன் கீழே ஒரு பாத்திரம் வைத்திருக்கிறோம். இரவில் எழும்பி அதை ஊற்றிவிட்டு வந்து படுப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

வீட்டு வேலை பிந்தினால் வீட்டோடு போகும். கடந்த மாதம் நடந்தது அப்படியல்ல. ஒரு மாதத்துக்குரிய ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை அடுத்த மாதத்தின் கடைசி வேலைநாளுக்குள் செலுத்திவிடவேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எட்டு நாட்கள் தொடர்ந்து ‘சேமலாப நிதி’ என்று பட்டியலில் எழுதினேன். கடைசி நாள் பிற்பகலில் ஆவணங்களைத் தயாரித்துக்கொண்டு போனபோது, கையொப்பமிடவேண்டிய பணிப்பாளர் வெளியே சென்றுவிட்டார். பணம் பிந்திப் போனது. நிறுவனம் மேலதிகக் கட்டணம் கட்ட நேர்ந்தது. முகாமையாளர் சத்தம் போடவில்லை. “எட்டு நாளாக உங்கள் பட்டியலில் இருந்ததுதானே?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

பட்டியலை இரவில் எழுதுவதா காலையில் எழுதுவதா, கைபேசியா கொப்பியா, இத்தனை வேலைகளுக்குள் எதை முதலில் எடுப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். அலுவலகத்தில் ஒரு வேலையில் கையை வைத்தவுடன் யாராவது வந்து வேறொன்றைக் கேட்கிறார்கள் என்பதும் பெரிய சிக்கலாக இருக்கிறது.


பேரேடு
திங்கட்கிழமை, காலை 6.15

சகோதரி, நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். அரசாங்கத் திணைக்களமொன்றின் கணக்காய்வுப் பகுதியில் 31 வருடம் கடமையாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வியை நேற்றிரவே வாசித்தேன். அவசரமாகப் பதில் எழுதக்கூடாது என்று காலைவரை வைத்திருந்தேன்.

உங்கள் புதன்கிழமைப் பட்டியலை ஒரு தாளில் எழுதி, அலுவலக வேலைகள் ஆறுக்கும் பக்கத்தில் நேரத்தைப் போட்டுப் பார்த்தேன். நிறுவன ஏட்டையும் வங்கிக் கூற்றையும் ஒத்துப்பார்க்கும் கணக்கிணக்கத்துக்கு இரண்டு மணித்தியாலம், காசேட்டுக்கு அரை, நினைவூட்டல் கடிதங்களுக்கு ஒன்றரை, சேமலாப நிதிக்கு ஒன்று, வரி ஆவணங்களுக்கு இரண்டரை, விற்பனை ஒப்பீட்டுக்கு இரண்டு. கூட்டினால் ஒன்பதரை மணித்தியாலம் வருகிறது. உங்கள் வேலைநேரம் எட்டரை மணித்தியாலம். மதிய உணவுக்கும் தேநீருக்கும் ஒன்றைக் கழியுங்கள். மற்றவர்கள் வந்து கேட்பதற்கு இரண்டு என்று வைத்தால் உங்கள் கையில் நிற்பது ஐந்தரை. அதாவது நீங்கள் மேசையில் அமரும்போதே அன்றைய கணக்கில் நான்கு மணித்தியாலம் துண்டு விழுந்துவிட்டது. வீட்டு வேலைகள் ஒன்பதையும் நான் இன்னும் தொடவேயில்லை. இந்தப் பட்டியல் எந்த மனிதராலும் அன்று முடிக்கப்பட்டிருக்க முடியாது. ஆகவே, தயவுசெய்து உங்களை நீங்களே நொந்துகொள்வதை நிறுத்துங்கள். பணத்தை வரவு பார்க்காமல் செலவழிக்காத கணக்குக்காரர் நேரத்தை மட்டும் வரவு பார்க்காமல் பங்கிட்டால் பற்றாக்குறை வரத்தான் செய்யும்.

நமக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று நாமே மதிப்பிடுவதும் பெரும்பாலும் குறைவாகவே வரும். டேனியல் கானமன், ஏமொஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979இல் இந்தப் பிழைக்குத் ‘திட்டமிடல் மாயை’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். 1994இல் ரோஜர் பியூலரும் இரு சக ஆய்வாளர்களும் கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த பல்கலைக்கழக மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மாணவர்கள் சொன்னது சராசரியாக 34 நாள். எல்லாமே பிழைத்துப்போனாலும் 49 நாளுக்குள் முடியும் என்றார்கள். உண்மையில் எடுத்தது 55 நாளுக்கும் மேல். மிக மோசமான நிலையை நினைத்துச் சொன்ன கணக்கே போதவில்லை என்பதுதான் அதில் நான் கவனித்த விடயம். இதற்கு நான் கண்ட மருந்து ஒன்றுதான். மூன்று நாட்களுக்கு, எந்த வேலையை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடித்தீர்கள் என்று எழுதி வையுங்கள். அதன்பிறகு ஊகத்தை விட்டுவிட்டு அந்தப் பதிவைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

இனி முகாமையாளரின் கேள்விக்கு வருகிறேன். ‘சேமலாப நிதி’ என்று நீங்கள் எழுதியது ஒரு வேலையின் தலைப்பு மட்டுமே. அதற்குள் நான்கு வேலைகள் இருக்கின்றன: சம்பளப் பட்டியலோடு தொகைகளை ஒத்துப்பார்ப்பது, படிவத்தைத் தயாரிப்பது, கையொப்பம் வாங்குவது, பணத்தைச் செலுத்துவது. மூன்றாவது உங்கள் கையில் இல்லை. இன்னொருவர் அலுவலகத்தில் இருப்பதில் தங்கியிருக்கிறது. பிறர் கையிலுள்ள படி எதுவோ அதை முதலில் கண்டுபிடித்து, அதற்குரிய நாளை அவரிடமே கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தால் எட்டு நாள் எழுதவேண்டி வந்திருக்காது.

சட்டப்படி நாள் குறிக்கப்பட்ட வேலைகள் அன்றாடப் பட்டியலுக்குள் வரவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஒரு முழுத்தாளில் பன்னிரண்டு மாதங்களையும் கோடிட்டு மேசைக்கு எதிரே ஒட்டுங்கள். சம்பளத்தில் கழிக்கும் முற்பண வருமான வரி அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள், பெறுமதி சேர் வரிப் பணம் 20ஆம் திகதிக்குள், சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும் மாதத்தின் கடைசி வேலைநாளுக்குள் என்று அவற்றைச் சிவப்பில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து வேலைநாள் முன்னதாக நீலத்தில் இன்னொரு திகதி போடுங்கள். உங்களுக்குரிய திகதி அந்த நீலம்தான். பூரணை விடுமுறைகளையும் அதே தாளில் அடையாளப்படுத்த மறக்கவேண்டாம்; மாதக் கடைசியில் பூரணை வந்து அதனோடு சனி, ஞாயிறும் சேர்ந்துகொண்டால் கடைசி வேலைநாள் நாம் நினைத்ததைவிட மிகவும் முன்னுக்கு வந்துவிடும். ஊழியரின் 8 சதவீதமும் நிறுவனத்தின் 12 சதவீதமும் சேர்ந்த சேமலாப நிதிப் பணம் ஒவ்வொருவரின் முதுமைக்குரியது. ஓய்வு பெற்ற பிறகு அதன் அருமை எனக்கு இன்னும் நன்றாக விளங்குகிறது.

கொப்பியா கைபேசியா என்பது அவரவர் பழக்கம். நான் கடைசிவரை கெட்டி அட்டையிட்ட ஒரு சீ.ஆர். கொப்பியைத்தான் பாவித்தேன். இடது பக்கத்தில் அன்று செய்யவேண்டியவை, நேரத்தோடு. வலது பக்கத்தில் நாள் முழுவதும் மற்றவர்கள் வந்து கேட்டவை, கேட்ட நேரத்தோடு. மாலையில் எழும்புவதற்கு முன் பத்து நிமிடம் இருந்து அடுத்த நாளின் இடது பக்கத்தை எழுதிவிடுவேன். ஒரே வேலையை மூன்று தடவை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோயிருந்தால் நான்காம் தடவை எழுதமாட்டேன். அன்றே செய்வேன், அல்லது செய்யக்கூடியவரிடம் ஒப்படைப்பேன், அல்லது செய்யப்போவதில்லை என்று உரியவரிடம் சொல்லிவிட்டு வெட்டிவிடுவேன்.


ஏழாம்மாடி
திங்கட்கிழமை, இரவு 8.30

பேரேடு ஐயா சொன்ன நேரக்கணக்கை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். நான் தெஹிவளையில் வசிக்கும் மென்பொருள் பொறியியலாளன். எனக்கு இந்தப் பாடத்தைப் படிப்பித்தது 2022ஆம் ஆண்டு. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தது பலருக்கும் நினைவிருக்கும். நாங்கள் வீட்டிலிருந்து வேலை செய்தோம். மின்வெட்டு அட்டவணை முதல்நாள் இரவு வந்தவுடன், நாளைக்கு எத்தனை மணித்தியாலம் மின்சாரம் இருக்கும் என்பதை முதலில் எண்ணுவேன். பிறகுதான் அதற்குள் எந்த வேலையை வைப்பது என்று பார்ப்பேன். அதற்கு முன்பு ஒருநாளும் நான் அந்த வரிசையில் யோசித்ததில்லை. மின்சாரம் ஒழுங்காக வந்த பிறகும் அந்த வரிசையை நான் மாற்றவில்லை.

ஒரு விடயத்தில் மட்டும் ஐயாவோடு உடன்பட முடியவில்லை. சுவரில் ஒட்டிய தாள் அலுவலகத்தில் இருக்கும்போதுதான் கண்ணில் படும். அம்மாவோடு கிளினிக் வரிசையில் நிற்கும் நாளில் அது உதவாது. நாள் குறித்த வேலைகளைக் கைபேசி நாட்காட்டியிலும் போட்டு, மாதாமாதம் தானாக நினைவூட்டும்படி வைத்துவிடுங்கள். அதற்குமேல் புதிய செயலிகளைத் தேடிப் போகவேண்டாம். நான் ஒரு வருடத்தில் நான்கு செயலிகளை மாற்றினேன். ஒவ்வொன்றிலும் வேலைகளை மீண்டும் ஏற்றி, நிறம் பிரித்து, பெயரிட்டு முடிக்கவே நாட்கள் போயின.

இடையூறுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். யாராவது வந்து கேட்பதற்கு எடுக்கும் ஐந்து நிமிடம் பெரிய இழப்பல்ல. திரும்பி வந்து, எந்த வரியில் விட்டோம் என்று தேடுவதில்தான் நேரம் கரைகிறது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதை ஆராய்ந்தார். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குப் போகும்போது மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்றும், அதனால் புதிய வேலை பாதிக்கப்படுகிறது என்றும் கண்டார். 2018இல் தெரெசா குளோம்பும் அவரும் சேர்ந்து செய்த ஆய்வு நமக்கு இன்னும் பயன்படும். வேலையை இடையில் விடுவதற்கு முன் சற்று நின்று, எங்கே நிற்கிறேன், திரும்பி வந்ததும் முதலில் எதைச் செய்வேன் என்று குறித்துக்கொண்டவர்களுக்கு அந்தப் பாதிப்பு குறைந்திருந்தது.

நான் இதை இப்படிச் செய்கிறேன். விசைப்பலகைக்கு அருகில் ஒரு சிறிய தாள் வைத்திருப்பேன். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், “ஒரு நிமிடம்” என்று சொல்லிவிட்டு ஒரு வரி எழுதுவேன். உங்கள் வேலையில் அது, ‘மே 14 காசோலைவரை ஒத்துப்பார்த்தாயிற்று, அடுத்தது வங்கிக் கட்டணம்’ என்பதுபோல இருக்கும். எழுதப் பத்து விநாடி போதும். கேட்க வந்தவரும் அந்த நேரத்தில் தன்னுடைய கேள்வியைச் சரியாக யோசித்துக்கொள்கிறார்.

தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிட ஓய்வு என்று இத்தாலியரான ஃபிரான்செஸ்கோ சிரிலோ 1980களின் பிற்பகுதியில், மாணவராக இருந்தபோது தொடங்கிய முறையைப் பலர் உங்களுக்குப் பரிந்துரைக்கக்கூடும். கடிதம் எழுதுவது போன்ற வேலைகளுக்கு நல்லது. கணக்கிணக்கம் போன்ற வேலையில், தொடர்பு பிடிபட்டு வரும் நேரத்தில் மணி அடித்தால் எரிச்சல்தான் மிஞ்சும். எனக்கு ஐம்பது நிமிடம் ஒத்துவருகிறது. அந்த ஐம்பது நிமிடமும் வட்ஸ்அப் குழுவின் சத்தத்தை நிறுத்தி வையுங்கள். உண்மையிலேயே அவசரமென்றால் தொலைபேசி அழைப்பு வரும்.


கரும்பலகை
செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3.10

தங்கச்சி, நான் பம்பலப்பிட்டியில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் இருவரும் இப்போது பல்கலைக்கழகத்தில். உங்களுடைய கேள்வியில் இரண்டு சகோதரர்களும் தொடாமல் விட்ட பகுதியைப் பற்றி எழுதுகிறேன்.

பதினைந்தில் ஒன்பது வீட்டு வேலைகள். அந்த ஒன்பதும் ஏன் உங்கள் கைபேசியில் மட்டும் இருக்கின்றன? உங்கள் கணவர் நல்லவராகத்தான் இருப்பார், கேட்டால் செய்வார். ஆனால், கேட்கவேண்டும் என்று நினைவு வைத்திருப்பதும், செய்தாரா என்று பார்ப்பதும் உங்கள் பொறுப்பாகவே இருந்தால் வேலை உங்களை விட்டுப் போகவில்லை. அலிசன் டாமிங்கர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவில் 35 தம்பதியரைச் சந்தித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுக்காகச் சிந்திக்கும் வேலையை நான்காகப் பிரித்துக் காட்டினார்: வரப்போவதை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கவனித்துக்கொண்டிருப்பது. முடிவெடுப்பதில் இருவரும் பெரும்பாலும் பங்கெடுக்கிறார்கள். முன்கூட்டி உணர்வதும் கவனித்துக்கொண்டிருப்பதும் அதிகமாகப் பெண்ணின் தலையில் விழுகின்றன. அதை வாசித்தபோது, எங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்து எழுதியதுபோல எனக்கு இருந்தது.

நான் செய்தது இதுதான். குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி, ஒவ்வொரு விடயத்துக்கும் ஒருவர் பெயரை எழுதினோம். எரிவாயு, மின்சாரம், தண்ணீர் ஆகியவை அவருக்கு. பெயர் எழுதப்பட்ட விடயத்தை நான் நினைவுபடுத்துவதில்லை என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். இரண்டாம் மாதம் சோறு பாதி வெந்துகொண்டிருக்கும்போது எரிவாயு தீர்ந்தது. அன்று கடையில் பாணும் பருப்பும் வாங்கிச் சாப்பிட்டோம். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. அதன்பிறகு எரிவாயு ஒருநாளும் தீரவில்லை. எட்டாம் தரத்தில் படிக்கும் மகளுக்கும் ஒரு விடயத்தைக் கொடுங்கள். அவளுடைய பாடசாலைக் கட்டணத் திகதியை நினைவு வைத்து உங்களிடம் வந்து சொல்வது அவளால் முடியும்.

குழாய்க்கு வருகிறேன். ஆறு வாரம் ஒரு வேலை நகரவில்லை என்றால், அதை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். திருத்துபவரின் இலக்கம் இல்லையா? வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்கவேண்டுமா? யார் பகலில் வீட்டில் இருப்பது? அந்தத் தடையைக் கண்டுபிடித்து, அதை நீக்கும் முதல் செயலை மட்டும், செய்யும் நாளோடு எழுதுங்கள். மசிகம்போ, பௌமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், முடிக்காத வேலை மனதுக்குள் வந்து தொந்தரவு செய்வதைப் பற்றிப் பரிசோதித்திருந்தார்கள். வேலையை முடிக்காவிட்டாலும், எப்போது, எப்படிச் செய்வேன் என்று தெளிவாகத் திட்டமிட்டவர்களுக்கு அந்தத் தொந்தரவு நீங்கியது. இரவில் நீங்கள் எழும்புவது பாத்திரத்துக்காக மட்டும்தானா என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

பேரேடு ஐயாவின் ‘மூன்று தடவைக்குமேல் எழுதுவதில்லை’ என்ற விதி அலுவலகத்துக்குப் பொருந்தலாம். வீட்டுக்கு அப்படியே பொருந்தாது. அம்மாவின் கண் பரிசோதனை எத்தனை தடவை தள்ளிப்போயிருந்தாலும் வெட்டக்கூடாதது. நீரிழிவு உள்ளவர்களுக்கு வருடத்துக்கு ஒரு தடவையாவது விழித்திரையைப் பார்க்கவேண்டும்; பார்வையில் மாற்றம் தெரியும்வரை காத்திருந்தால் சேதம் ஏற்கனவே நடந்திருக்கும். உங்கள் பட்டியலில் அது ரியூசன் ஆசிரியருக்கும் மின்கட்டணத்துக்கும் நடுவில் நின்றதைப் பார்த்ததால்தான் நான் இந்தப் பதிலையே எழுதினேன்.


பேரேடு
செவ்வாய்க்கிழமை, இரவு 7.40

கரும்பலகை சகோதரி சொன்னது சரி. என் விதியைத் திருத்திக்கொள்கிறேன்: உடம்போடு சம்பந்தப்பட்ட எதையும் மூன்று தடவை தள்ளிப்போட விடக்கூடாது, முதல் தடவையிலேயே திகதி எடுத்துவிடவேண்டும்.


வெள்ளவத்தைவாசி
நான்கு வாரங்களின் பின், சனிக்கிழமை, காலை 10.20

மூவருக்கும் நன்றி. செய்து பார்க்காமல் நன்றி மட்டும் எழுதக்கூடாது என்பதால் இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன்.

முதல் மூன்று நாளும் நேரத்தைக் குறித்தேன். விற்பனை ஒப்பீட்டுக்கு ஒரு மணித்தியாலம் என்று நான் நினைத்திருந்தேன். எடுத்தது 3 மணித்தியாலம் 20 நிமிடம். ஐயா இரண்டு என்று போட்டதும் போதவில்லை. கொப்பியின் வலது பக்கத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையில் அதிர்ச்சியாக இருந்தது. ஒரே நாளில் இருபத்துமூன்று தடவை ஆட்கள் வந்திருக்கிறார்கள். அதில் ஒன்பது தடவை வந்தது ஒரே கேள்வி: “காசோலை தயாரா?” அந்தப் பக்கத்தை முகாமையாளரிடம் காட்டி, செவ்வாயும் வெள்ளியும் பிற்பகல் 2 மணிக்குக் காசோலைகள் வழங்கப்படும் என்று அறிவித்தல் போடலாமா என்று கேட்டேன். அவர் உடனே சம்மதித்தார். இத்தனை நாளாக என் வேகம் போதாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தாள் ஒட்டியதில் அந்தக் கேள்வி அநேகமாக நின்றுவிட்டது.

சிவப்பு, நீலத் தாள் மேசைக்கு எதிரே இருக்கிறது, கைபேசியிலும் போட்டிருக்கிறேன். கையொப்பத்துக்குரிய நாளைப் பணிப்பாளரின் செயலாளரிடம் முன்கூட்டியே கேட்டுக் குறித்துக்கொண்டதால், இம்முறை சேமலாப நிதி 22ஆம் திகதியே செலுத்தப்பட்டுவிட்டது. காலையில் மேடையில் நின்று பட்டியல் எழுதுவதை விட்டுவிட்டேன். மாலை 4.50க்குக் கொப்பியைத் திறந்து அடுத்த நாளை எழுதுகிறேன். ஐந்தரை மணித்தியாலத்துக்குமேல் கூட்டுத்தொகை வந்தால் எதையாவது எடுத்துவிடுகிறேன். எடுப்பது எனக்கு இன்னும் சுலபமாக வரவில்லை. எடுத்த வேலைக்குரியவரிடம், இன்றைக்கு முடியாது, வியாழக்கிழமை தருகிறேன் என்று சொல்லவேண்டியிருக்கிறதல்லவா? ஆனால், சொன்னால் பெரும்பாலானோர் சரி என்கிறார்கள்.

குழாயின் தடை அக்கா ஊகித்ததுதான். வாடகை வீடு என்பதால் சொந்தக்காரரைக் கேட்கவேண்டியிருந்தது; போன வருடம் கூரை விடயமாக அவரோடு சிறு மனத்தாங்கல் ஏற்பட்டதால் அழைக்கத் தயங்கிக்கொண்டிருந்தேன். இதைக் கணவரிடம் சொன்னபோது, தானே பேசுவதாக எடுத்துக்கொண்டார். உள்ளே இருக்கும் இறப்பர் வளையம் தேய்ந்திருந்தது. திருத்துபவர் வந்து நாற்பது நிமிடத்தில் போட்டுவிட்டுப் போனார். குளிர்சாதனப்பெட்டித் தாளும் ஒட்டியாயிற்று. மகள் தன் பெயருக்குக் கீழே இரண்டு விடயங்களைத் தானே கேட்டு எழுதினாள்.

ஒரு கவலை இருக்கிறது. இடையில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து ஐந்து நாள் கொப்பியைத் திறக்கவேயில்லை. பழக்கம் விட்டுப்போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. முன்பு செயலியை விட்டதும் இப்படித்தான், நான்கு நாள் இடைவெளியில்.


ஏழாம்மாடி
சனிக்கிழமை, பிற்பகல் 12.05

விட்டுப்போகாது, அக்கா. லண்டன் யூனிவர்சிட்டி கொலேஜில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் எடுத்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வித்தியாசம் இருந்தது. இடையில் ஒருநாள் தவறியது அந்த வளர்ச்சியைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. உங்களுடையது ஐந்து நாள் என்பது உண்மைதான். ஆனால், நீங்கள் இன்னும் நான்காம் வாரத்தில் நிற்கிறீர்கள். விட்ட ஐந்து பக்கங்களையும் நிரப்ப முயலாமல், திங்கட்கிழமைப் பக்கத்தை மட்டும் எழுதுங்கள். முன்பு செயலியில் நான்கு நாள் வேலைகள் சிவப்பாகக் குவிந்து கிடந்ததைப் பார்த்துத்தான் நீங்கள் மூடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அப்படித்தான் நடந்தது. கொப்பியில் அந்தக் குவியல் இல்லை.


கரும்பலகை
சனிக்கிழமை, பிற்பகல் 4.45

தங்கச்சி, எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் கண் பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே?


வெள்ளவத்தைவாசி
சனிக்கிழமை, மாலை 6.10

திகதி எடுத்துவிட்டோம், அக்கா. அடுத்த மாதம் 9ஆம் திகதி, காலை 7.30. கண்ணுக்கு மருந்து விட்டுப் பார்ப்பார்களாம். சில மணித்தியாலம் பார்வை மங்கலாக இருக்கும் என்பதால் துணைக்கு ஒருவர் கட்டாயம் வரவேண்டும் என்றார்கள். நீலத் திகதிகளைப் பார்த்தேன், அந்த வாரம் எனக்கு வரி வேலை. கணவர் விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். தாளில் அவர் பெயர்தான் இருக்கிறது.